இதன் பொருள் என்ன?

கலைக் கல்லூரிகளின் ஆண்டிறுதி மதிப்பீடுகளைத் தொடர்ந்து பார்த்துவருபவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். மாணவர் தம் படைப்பின் அருகில் நிற்பார். மதிப்பீட்டுக் குழுவினர் அரைவட்டமாகச் சூழ்ந்திருப்பர். சில நொடி அமைதிக்குப் பின் ஒருவர் கேட்பார்: "இதன் கான்செப்ட் என்ன?" இந்தக் கேள்விக்குத் தயாராவதிலேயே இன்றைய கலை மாணவரின் கடைசி இரண்டு வாரங்கள் கழிந்துவிடுகின்றன. படைப்பை முடிக்கும் கவலையைவிட, அதன் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டிய ஒரு பக்கக் குறிப்பைப் பற்றிய கவலை பெரிதாகிவிட்டது.

அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் "இதன் பொருள் என்ன?" என்றுதான் கேட்போம். பொருள் என்ற சொல் நம் மொழியில் மூன்றைக் குறிக்கும்: கையில் எடுத்துப் பார்க்கும் பண்டம், சொல் உணர்த்தும் அர்த்தம், உழைத்து ஈட்டும் செல்வம். குஜராத்தில் அண்மையில் நான் பார்த்த ஒரு மாணவியின் செயல்திட்டமும் அதற்குக் கிடைத்த மதிப்பீடும், இம்மூன்றையும் நம் கலைக்கல்வி எவ்வளவு தூரம் பிரித்து வைத்துவிட்டது என்று எண்ண வைத்தன. மாணவியின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தவிர்க்கிறேன். இங்குப் பேச வேண்டியது ஒரு கல்லூரியைப் பற்றியதன்று; ஏறத்தாழ எல்லாக் கலை வகுப்பறைகளையும் பற்றியது.

செயல்திட்டம் மிக எளிமையானது. சிற்பத் துறையின் இறுதியாண்டு மாணவி ஓர் அறையின் சன்னல்களை அடைத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். அதைச் சுற்றி வட்டமாக, ஒரே உயரத்தில், ஒரே தொலைவில், ஒரு சாண் சதுர அளவில் ஒன்பது பலகைகள். சாதாரண சன்னல் கண்ணாடி, மைக்கா, பித்தளைத் தகடு, தேன்மெழுகு, எண்ணெய் தடவிய காகிதம், பாதி மட்டும் நனைத்த கதர்த் துணி, மெல்லியதாக அறுத்த மக்ரானா சலவைக்கல், மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, புகைக்கரி படிந்த மண் ஓடு. வண்ண விளக்கு இல்லை, பின்னணி இசை இல்லை, சுழலும் பொறி இல்லை. பார்வையாளர் வட்டத்துக்கு உள்ளே நின்றும் பார்க்கலாம், வெளியே வந்தும் பார்க்கலாம். உள்ளே நின்றால் பலகைகள் திருப்பி அனுப்பும் ஒளியைக் காண்போம். வெளியே வந்தால் அவை கடத்திவிடும் ஒளியைக் காண்போம். விளக்கு மாறவில்லை, அறை மாறவில்லை. ஒன்பது பொருள்கள் அந்த ஒரே ஒளியை ஒன்பது விதமாக நடத்தின.

வாசலில் ஒட்டியிருந்த ஆங்கிலக் குறிப்போ வேறோர் உலகத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஒளி அறிவின் அடையாளம், இருள் அறியாமையின் அடையாளம், மனித வாழ்வு இரண்டுக்கும் இடையிலான பயணம் என்ற பொருள்பட அது ஒரு பக்கம் நீண்டது. மதிப்பீடு திறந்த அமர்வாக நடந்ததால் பார்வையாளர்களுள் ஒருவனாக நானும் இருந்தேன். குழுவினர் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியைக் குறிப்பிலேயே செலவிட்டனர். கரி அறியாமை என்றால் மெழுகு எதைக் குறிக்கிறது? பித்தளை எதன் குறியீடு? பலகைகள் ஏன் ஒன்பது? மாணவி திணறினார். மதிப்பெண் நடுத்தரமாக வந்தது. கருத்துரு வலுவில்லை என்பது காரணம்.

குழுவின் முடிவு தர்க்கப்படி சரியானதே. அந்தக் குறிப்பை மதிப்பிட்டால் அதற்கு அதைவிட அதிக மதிப்பெண் கொடுக்க முடியாது. ஆனால் மதிப்பிட வேண்டியது குறிப்பையா, அறையையா? என் வாதம் இதுதான்: அந்த அறைக்குள் ஓர் உண்மையான ஆய்வு நடந்திருந்தது, அதைக் காணும் கேள்விகள் மதிப்பீட்டாளர்களிடம் இல்லை, அதைச் சொல்லும் சொற்களை நாம் மாணவிக்குக் கற்பிக்கவும் இல்லை.

அமர்வு முடிந்தபின் அவருடன் பலகை பலகையாக நின்று இந்தியில் பேசினேன். குழுவின் முன் திணறியவர், இப்போது கேள்வியே கேட்காமல் பேசத் தொடங்கினார். சன்னல் கண்ணாடியில் நேராக விழும் ஒளியை அதன் ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 4 விழுக்காடு திருப்பி அனுப்புகிறது என்பது இயற்பியல் பாடநூலில் உள்ள செய்தி. அவருக்கு அந்த எண் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் நகர நகரக் கண்ணாடி மெல்ல மெல்ல ஆடியாக மாறுவதையும், எந்த இடத்தில் நின்றால் அது பாதி சன்னலாகவும் பாதி ஆடியாகவும் இருக்கும் என்பதையும் அவர் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருந்தார். ஊடுருவிப் பார்க்கும் தகட்டுக்கும் முகம் பார்க்கும் ஆடிக்கும் நம் பேச்சுத் தமிழில் கண்ணாடி என்ற ஒரே பெயர் இருப்பது எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது.

பித்தளையைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நுட்பமானது. மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு தகட்டை முதலில் பித்தளையின் பக்கத்தில் வைத்திருந்தாராம். இரண்டும் மஞ்சள்தான். ஆனால் வண்ணத் தகட்டில் விளக்கு விழுந்து மின்னும் புள்ளி விளக்கின் நிறத்திலேயே இருந்தது. பித்தளையில் மின்னும் புள்ளியோ மஞ்சளாகவே இருந்தது. இது துல்லியமான கவனிப்பு. வண்ணப் பூச்சின் மேற்பரப்பு ஒளியை நிறம் மாற்றாமல் திருப்பி அனுப்புகிறது. அதன் மஞ்சள் உள்ளே புகுந்து வெளிவரும் ஒளியில் பிறக்கிறது. உலோகத்தில் அந்த உள்ளே என்பது இல்லை. மேற்பரப்பே நீல ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்புகிறது. மஞ்சள் வண்ணத்திலிருந்து பொன்னை நம் கண் ஒரே பார்வையில் பிரித்தறிவது இதனால்தான். எத்தனையோ ஓவியர்கள் பொன் நகையைத் தீட்டும்போது பட்டுக் கற்றுக்கொள்ளும் பாடத்தை, அவர் இரண்டு தகடுகளை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

எண்ணெய் தடவிய காகிதத்தில் நடப்பதை நாம் எல்லோரும் பஜ்ஜி வைத்த காகிதத்தில் பார்த்திருக்கிறோம். காகிதம் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் நார்களுக்கும் இடையில் உள்ள காற்றுக்கும் இடையே ஒளி மீண்டும் மீண்டும் சிதறுவது. எண்ணெய் அந்தக் காற்றிடைவெளிகளை நிரப்புகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் நாரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால் சிதறல் குறைகிறது. ஒளி கடந்து போகிறது. நனைந்த கதர் இருண்டு தெரிவதும் இதே கணக்குத்தான். நீர் புகுந்த துணிக்குள் ஒளி ஆழமாகச் செல்கிறது. அங்கே உறிஞ்சப்பட்டு, நம் கண்ணுக்குக் குறைவாகவே திரும்பி வருகிறது. ஒரு பலகையில் திரவம் ஒளிக்கு வழிவிடுகிறது. அடுத்த பலகையில் திரவம் துணியை இருளச் செய்கிறது. இவ்விரண்டையும் அவர் அடுத்தடுத்து வைத்திருந்தது தற்செயல் அன்று. நனைத்த பாதி காய்ந்துவிடாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெளிப்பானால் நீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

தேன்மெழுகு உருகும்போது தெளிந்த நீர்மமாக இருக்கிறது. ஆறும்போது மேகம் படர்வதுபோல் கலங்குகிறது. வேகமாக ஆற்றினால் ஒரு மாதிரியும் மெல்ல ஆற்றினால் வேறு மாதிரியும் கலங்கும் என்பதை அவர் பதினொரு முறை வார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். சுண்ணாம்புப் பூச்சு, ராஜஸ்தானில் அராயிஷ் என்று வழங்குவது. ஈரம் முழுதும் உலருமுன் அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதற்காக ஒரு கொத்தனாரிடம் இரண்டு வாரம் சென்று அமர்ந்திருக்கிறார். புகைக்கரிப் பலகையைச் செய்வதுதான் எளிதாக இருக்கும் என்று எண்ணி, அதுவே கடினம் என்று முடிவுக்கு வந்திருக்கிறார். விரல் பட்ட இடமெல்லாம் பளபளத்துவிடும். கரி கரியாகத் தெரிய வேண்டுமானால் அதை யாரும் தொட்டிருக்கக் கூடாது.

இவற்றுள் ஒரு வரிகூடச் சுவர்க் குறிப்பில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இதெல்லாம் செய்முறைதானே, கான்செப்ட் இல்லையே" என்றார். நம் கல்வி அவருக்கு வெற்றிகரமாகக் கற்பித்திருக்கும் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

ஒளியை நாம் நேரே காண்பதில்லை என்பது இச்செயல்திட்டத்தின் அடிப்படை. விண்வெளியில் பாய்ந்து செல்லும் ஒளிக்கற்றை பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு தூசி, ஒரு சுவர், ஒரு கண் அதன் பாதையில் நின்றால்தான் அது தெரியும். எனவே ஒளியை ஆராய விரும்புபவர் பொருளை ஆராய்வதைத் தவிர வேறு வழியில்லை. தமிழில் ஒளி என்பது பெயர்ச்சொல்லாக வெளிச்சத்தைக் குறிக்கிறது. வினையாக வரும்போது மறைந்துகொள்வதைக் குறிக்கிறது. நிழல் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் இருண்ட சாயல் என்பதோடு, நீரிலும் ஆடியிலும் தெரியும் உருவம், ஒளிர்வு என்ற பொருள்களும் உண்டு. இச்சொற்களை வழங்கிய மக்கள் அறிவையும் அறியாமையையும் எதிரெதிர் துருவங்களாக நிறுத்திவிட்டு இவற்றைப் படைக்கவில்லை. ஒரு பொருளின்மேல் வெயில் விழும்போது என்னென்ன நிகழ்கிறது என்று பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததும் அந்த அறையில் இருந்ததும் ஒரே வகையான வேலை.

அறிவியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1921இல் கடல் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் சி. வி. ராமனைக் கவர்ந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்குப் பின் நடந்த நீண்ட உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில், அவரும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் ஒளியைப் பொருள் பொருளாகக் கடத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1928இல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் புதிய வகைச் சிதறலை அறிவித்த சிறு குறிப்பில், சாதாரணத் திரவங்கள் ஏறத்தாழ அறுபதைச் சோதித்திருப்பதாகத் தெரிவித்தனர். தொடக்கச் சோதனைகளில் அவர்களுடைய விளக்கு சூரியன்தான். ஒளி ஒன்று, அது புகுந்து வந்த திரவத்துக்கேற்ப அதில் ஒரு மாற்றம். அந்த மாற்றத்தைக் கொண்டு இன்று ஒரு பொருள் இன்னதென்று அடையாளம் காண்கிறோம். பிற்காலத்திலும் ராமன் முத்தையும் சிப்பியையும் பறவை இறகையும் மணிக்கற்களையும் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றில் ஒளி செய்யும் வேலையை ஆராய்ந்தார். ஒரே விளக்கின் முன் பொருள்களை வரிசையாக வைத்துப் பொறுமையாகப் பார்ப்பது ஆய்வாகாது என்று ஒருவர் சொல்வாரானால், ராமனின் கூடத்தையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

"அப்படியானால் இது அறிவியல் கண்காட்சிதானே, கலை எங்கே?" என்ற மறுப்பு உடனே எழும். நேர்மையான மறுப்பு அது. குழுவில் ஒருவர் ஏறக்குறைய இதையே கேட்டார். என் விடை இது. அறிவியல், அறுபது திரவங்களிலிருந்தும் ஒரு பொதுவிதியை எடுத்துக்கொண்டு திரவங்களை அலமாரியில் வைத்துவிடுகிறது. அதன் வெற்றியே அதில்தான் இருக்கிறது. கலையோ பொருளை அலமாரிக்குத் திருப்பி அனுப்புவதில்லை. இந்தக் கதர், இந்த ஈரம், இந்த மணி நேரம் என்று அதன் முன் நம்மை நிறுத்துகிறது. மெழுகுப் பலகையின் பின்னால் நின்றபோது, விளக்கு கண்ணில் படாமல் பலகை முழுதும் உள்ளிருந்து வெம்மை கொண்டதுபோல் தெரிந்தது. அங்கே நின்ற ஒரு முதலாண்டு மாணவர் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டு, பிறகு இழுத்துக்கொண்டார். எந்த விதியும் அந்தக் கையை விளக்காது. அந்தக் கையை நீட்ட வைத்ததில்தான் படைப்பின் கலைத்தன்மை இருக்கிறது.

இப்படிப் பொருள்வழியே சிந்திப்பது நம் கலைக்கல்விக்குப் புதிதும் அன்று. 1919இல் தொடங்கிய சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸ் சுவர், மண், துணி, காகிதம் ஆகியவற்றைக் கல்வியின் நடுவில் வைத்தார். அங்கே பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன், 1950இல் தொடங்கப்பட்ட பரோடா நுண்கலைப் புலத்தில் நெடுங்காலம் கற்பித்தார். கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவரான அவர், சுடுமண்ணிலும் கண்ணாடியிலும் பொம்மைகளிலும் வேலை செய்ததோடு கைத்தறி வாரியத்திலும் பணியாற்றியவர். கைவினைஞரின் அறிவையும் ஓவியரின் அறிவையும் இரு சாதிகளாக அவர் பிரித்ததில்லை. லக்னோவின் ரவீந்திராலயத்தில் 1963இல் அவர் செய்த சுடுமண் சுவர்ப்படைப்பு, இருட்டறையில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் அரசனைப் பற்றிய தாகூரின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. காண முடியாத அரசனின் கதையைச் சொல்ல அவர் தேர்ந்தது, வெயில் விழுந்தால் மேடும் பள்ளமுமாக உயிர்பெறும் சுடுமண்ணை. ஒளியும் இருளும் பற்றிய கருத்து அங்கே இருக்கிறது. ஆனால் அது மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

1958இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அடிப்படையான ஆவணம் அது. நீர் முகக்கும் சாதாரணச் செம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ள எழுப்ப வேண்டிய கேள்விகளை அவர்கள் அடுக்குகிறார்கள். எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி நிற்கும், என்ன விலை, தட்டினால் எப்படி ஒலிக்கும், வெயில் அதன்மேல் பட்டால் எப்படித் தோன்றும். செம்பு எதன் குறியீடு என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை. இவ்வளவு நல்ல கேள்விகள் நம் நாட்டின் வடிவமைப்புக் கல்வியின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க, நம் மதிப்பீட்டு அறைகளில் அவை ஒலிக்காமல் போனது வியப்பு.

கருத்துக் குறிப்பை நான் முற்றாக மறுக்கவில்லை. அழகாக இருந்தால் போதும் என்ற சோம்பலிலிருந்து மாணவரை அது காப்பாற்றியிருக்கிறது. பார்வையாளர் காண மறுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்போது எழுத்து தேவைப்படுகிறது. சாதி, பாலினம், நிலப்பறிப்பு ஆகியவற்றைப் பேசும் படைப்புகளுக்கு அந்த எழுத்து சில வேளைகளில் கேடயமாகவும் இருக்கிறது. குறை எழுத்தில் இல்லை. எழுத்து எப்போது, எந்த மொழியில், எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. செயல்திட்டம் தொடங்குமுன்னரே குறிப்பைக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றால், மாணவர் இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுத வேண்டியிருக்கிறது. அந்நிலையில் கைகொடுப்பவை எவருக்கும் தெரிந்த உருவகங்கள் மட்டுமே: ஒளி அறிவு, நதி வாழ்க்கை, வேர் மரபு.

மொழியின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. அக்குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லாமல் இருக்கலாம்; ஆனால் எல்லோரும் ஆங்கிலத்திலேயே எழுதுகிறார்கள். பெருநகரப் பள்ளியில் படித்த மாணவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. சிறு ஊரிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவருக்கு அதுவே தேர்வு. இந்த மாணவியின் குடும்பத் தொழில் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது. ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை அவருடைய தாத்தா பாத்திரத்தை விளக்கொளியில் சாய்த்து, மினுமினுப்பு எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்வாராம். பித்தளைப் பலகையின் முன் அவர் அவ்வளவு நேரம் செலவிட்டதன் மூலம் அங்கே இருக்கிறது. குழுவுக்கு இதைச் சொன்னீர்களா என்றேன். வீட்டுத் தொழிலை அங்கே எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறார். தன்னிடமிருந்த மிகச் சிறந்த அறிவை ஒரு மாணவி தேர்வறையில் மறைத்துக்கொள்ள நேர்ந்ததற்கு, அவரைச் சூழ்ந்திருந்த எல்லோரும் பொறுப்பாளிகள்.

இங்கேதான் பொருள் என்ற சொல்லின் மூன்றாவது அர்த்தம் வருகிறது. பொருளை உண்மையாகப் பின்தொடர்ந்தால் அது நம்மை ஒளியியலோடு நிறுத்திவிடுவதில்லை. உழைப்புக்கும் விலைக்கும் இட்டுச் செல்கிறது. மைக்காவை எடுத்துக்கொள்வோம். காக்காப்பொன் என்று தமிழில் அதற்கு அழகான பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் முர்ஷிதாபாத், பாட்னா, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் ஓவியர்கள் மைக்காத் தகட்டில் சிற்றோவியங்கள் தீட்டி விற்றனர். இன்று அது பொடியாக்கப்பட்டு முகப்பூச்சுகளிலும் கார்களின் வண்ணத்திலும் மினுங்குகிறது. அந்த மினுக்கத்துக்காக ஜார்க்கண்டின் கோடர்மா வட்டாரத்தில் குழந்தைகளும் கைவிடப்பட்ட சுரங்கங்களில் திப்ரா எனப்படும் உதிரி மைக்காவைப் பொறுக்கிவந்ததைச் செய்தியாளர்களும் கள ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கின்றனர்.

சலவைக்கல்லும் கண்ணாடியும் அந்த அறையில் சில அடி இடைவெளியில் தொங்கின. மக்ரானா கல்லின் வெண்மைக்குள் ஒளி சிறிது தூரம் புகுந்து பரவி வெளிவருவதால்தான் தாஜ்மகால் காலையில் ஒரு விதமாகவும் நிலவில் வேறு விதமாகவும் மிருதுவாகத் தெரிகிறது. அந்த வெண்மை மாசுபடாமல் காக்க, தாஜ்மகாலைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் நிலக்கரி எரிக்கும் தொழிலகங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கண்ணாடி வளையலுக்குப் பெயர்பெற்ற ஃபிரோசாபாத்தும் அந்த வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு கல்லின் ஒளியைக் காக்கும் பொருட்டுக் கண்ணாடி உலைகளின் எரிபொருளும், அவற்றை நம்பி வாழ்ந்தவர்களின் வாழ்வும் மாற வேண்டியிருந்தது.

இவற்றை மாணவி எட்டவில்லை. மைக்காவைக் கடையில் வாங்கியிருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவருடைய படைப்பின் உண்மையான குறை இதுதான் என்பேன். மதிப்பீட்டுக் குழு "மைக்கா எதன் குறியீடு?" என்பதற்குப் பதிலாக "இதை எங்கே வாங்கினீர்கள்? அங்கே யார் எடுத்துக் கொடுத்தது?" என்று கேட்டிருந்தால், அந்தக் குறை அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும், அடுத்த படைப்புக்கான வழியும் திறந்திருக்கும். குறியீட்டைத் தேடும் கேள்வி பொருளை விட்டு விலகச் செய்கிறது. பொருளைப் பற்றிய கேள்வி கருத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோட்பாட்டை மதிக்கும் ஆசிரியர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் விரும்பும் அரசியலும் வரலாறும் அந்த ஒரு சாண் சதுரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஒளியை அறிவோடும் இருளை அறியாமையோடும் தயக்கமின்றி இணைக்கும் பழக்கத்துக்கு எதிராக இன்னொரு சான்றும் சொல்லலாம். வினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில் 1947இல் இடைக்கால ஞானியரைப் பற்றிய மாபெரும் சுவரோவியத்தைத் தீட்டியவர். பிறவியிலேயே பார்வைக் குறை உடைய அவர், 1950களின் பிற்பகுதியில் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பிறகும் காகிதத்தை மடித்தும் வெட்டியும், சிறு சிற்பங்கள் செய்தும் தொடர்ந்து இயங்கினார். 1972இல் கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரும் படைப்பையும் செய்து முடித்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படமும் அதே ஆண்டில் வந்தது. பார்வை போன பின்னும் அவருடைய அறிவு எங்கும் போய்விடவில்லை. அது விரல்களில் இருந்தது, காகிதத்தின் விளிம்பில் இருந்தது. அவர் வாழ்ந்து கற்பித்த நாட்டின் கலை மாணவர்கள், இருள் அறியாமை என்று ஆண்டுதோறும் எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள்.

மாற்றம் பெரிய செலவில்லாமல் தொடங்கலாம். முதலாவதாக, முன்ஒப்புதலுக்கான கருத்துக் குறிப்பின் இடத்தில் பொருள் நாட்குறிப்பைக் கேட்கலாம். எதை வாங்கினோம், எங்கே, என்ன விலைக்கு. எத்தனை முறை தவறியது. தவறியபோது என்ன தெரிந்தது. பதினொரு முறை மெழுகு வார்த்த கதை அதில்தான் எழுதப்படும். இரண்டாவதாக, வாய்மொழித் தேர்வை மாணவர் சிந்திக்கும் மொழியில் நடத்தலாம். குழுவுக்கு அம்மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்துவது கடினமன்று. மூன்றாவதாக, குறிப்பைப் படிக்குமுன் குழு பத்து நிமிடம் பேசாமல் படைப்பைப் பார்க்கலாம். ஒளியைப் பற்றிய படைப்புக்கு இது இன்னும் தேவை. இருட்டறைக்குக் கண் பழகவே அவ்வளவு நேரம் ஆகும். அன்று குழு அந்த அறைக்குள் இருந்தது மொத்தம் எட்டு நிமிடம்.

நான்காவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. தேசியக் கல்விக் கொள்கை 2020, உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் பயிற்றுநர்களாக அமர்த்துவதைப் பரிந்துரைக்கிறது. நடைமுறையில் அவர்கள் ஒரு வாரப் பயிலரங்குக்கு அழைக்கப்பட்டு, பொன்னாடையோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்களை மதிப்பீட்டுக் குழுவில், மற்ற உறுப்பினர்களுக்கு இணையான வாக்கோடும் ஊதியத்தோடும் அமர்த்த வேண்டும். இரண்டு வாரம் சுண்ணாம்பு மெருகைக் கற்பித்த அந்தக் கொத்தனார் அன்று குழுவில் இருந்திருந்தால், பூச்சின் இடது மூலையில் மெருகு சற்று அவசரப்பட்டிருப்பதை முதல் பார்வையிலேயே சொல்லியிருப்பார். மாணவி அதற்கு மறுக்க முடியாத ஒரு காரணமோ, ஏற்றுக்கொள்ளும் ஒரு புன்னகையோ தந்திருப்பார். இருவருக்கும் இடையே நடந்திருக்கக்கூடிய அந்த உரையாடல், கலைக்கல்வி என்ற சொல்லுக்குத் தகுதியானது.

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் பலர் வரும் மாதங்களில் ஏதேனும் ஒரு மதிப்பீட்டு அறையில் அமர்வீர்கள். மாணவ நண்பர்கள் அவ்வறையில் நிற்பீர்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் கேள்வியை மட்டுமாவது மாற்றிப் பாருங்கள். "இது எதைக் குறிக்கிறது?" என்பதற்கு முன் "இதைச் செய்யும்போது எது உங்கள் சொல்லைக் கேட்க மறுத்தது?" என்று கேளுங்கள். மாணவர்களுக்கு: உங்கள் வீட்டுத் தொழில், தாத்தாவின் கைப்பழக்கம், பதினோராவது முறையில் மட்டும் சரியாக ஆறிய மெழுகு, இவற்றைக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும். அடுத்து வருபவர்களுக்கு அது எழுதத்தக்கது என்று தெரிந்துவிடும்.